பழைய அனலாக் சிந்தசைசருக்கு மிடி பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1983 ஜனவரியில், அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜுபிடர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். இசைக்கருவிகளும் கணினியும் நோட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது மொழியான மிடி வெளியுலகத்துக்கு வந்தது அப்போதுதான். மினிமூக், ஏஆர்பி ஒடிசி, கோர்க் எம்எஸ்-20, ரோலண்ட் எஸ்எச்-101 எல்லாம் அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டவை. ஒலி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணினி அனுப்பும் நோட்டுகள் இவற்றுக்குப் புரியாது. நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

அந்த மாற்றியை நாமே செய்வதுதான் இங்கே வேலை. ஒரு குரல் மட்டும் தரும், அதாவது ஒரு நேரத்தில் ஒரே நோட்டை ஒலிக்கும் சிந்தசைசரை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். பல குரல் தருபவற்றுக்கு வழியே வேறு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் உங்கள் கருவிக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்

பழைய சிந்தசைசரின் கீபோர்டு இரண்டே செய்திகளைத்தான் உள்ளே அனுப்புகிறது. எந்தக் கட்டை என்பதை ஒரு வோல்டேஜ் சொல்லும். இதற்கு சிவி என்று பெயர். கட்டை அழுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை கேட் என்ற இன்னொரு சிக்னல் சொல்லும். மிடி மாற்றி செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டிலும் ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்.

சிவியில் இரண்டு கட்சி. மூக், ஏஆர்பி, ரோலண்ட், சீக்வென்ஷியல் ஆகியவை ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற முறை. ஒரு ஆக்டேவ் ஏறினால் 1 வோல்ட் கூடும். ஓர் அரைச்சுரத்துக்கு 83.33 மில்லிவோல்ட். கோர்க் எம்எஸ் வரிசையும் யமஹாவின் சிறிய சிஎஸ் வரிசையும் வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்ற முறை. இங்கே ஒரு ஆக்டேவ் ஏறினால் வோல்டேஜ் இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8 என்று.

கேட்டிலும் அப்படியே. ரோலண்டும் ஏஆர்பியும் கட்டை அழுத்தியதும் வோல்டேஜ் மேலே ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. மினிமூக்கும் எம்எஸ்-20உம் அந்தக் கம்பியைக் கிரவுண்டோடு இணைத்தால்தான் ஒலிக்கும். இதை எஸ்-டிரிகர் என்பார்கள். மினிமூக்கில் அதற்கான சாக்கெட்டே வேறு மாதிரி, இரண்டு தட்டை ஊசி கொண்ட சின்ச்-ஜோன்ஸ் வகை. ஒடிசி இன்னும் ஒரு படி மேலே: கேட் மட்டும் போதாது, ஒவ்வொரு நோட்டுக்கும் சில மில்லிநொடி நீளும் டிரிகர் துடிப்பும் தனியாக வேண்டும்.

ஆகவே சால்டரிங் கம்பியைச் சூடாக்கும் முன் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். பின்பக்கத்தில் சிவி, கேட் சாக்கெட் இருந்தால் கருவியைத் திறக்கவே வேண்டாம். மாற்றியைத் தனிப் பெட்டியில் வைத்து வெளியிலிருந்து இணைத்தால் போதும். என் கருத்தில், சாக்கெட் உள்ள கருவிக்குள் மிடியைப் புகுத்துவது தேவையில்லாத அறுவைசிகிச்சை. ஒடிசியின் ஆரம்பகால வெள்ளை மாடல்களில் சாக்கெட் கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்குத்தான் உள்ளே கை வைக்க வேண்டிவரும்.

இன்னொன்று. மிடி பொருத்துவதால் பழுது சரியாகாது. சொந்தக் கீபோர்டிலேயே ஆக்டேவ் சேராத கருவி, மிடியிலும் சேராது. முதலில் அரைமணி நேரம் சூடேற விட்டு, அதன் சொந்தக் கீபோர்டில் ஒலியை உண்டாக்கும் சுற்றுகளான ஆசிலேட்டர்களின் டியூனிங்கையும் ஆக்டேவ் அளவையும் சரி செய்துகொள்ளுங்கள். பவர் சப்ளை வோல்டேஜ் மேனுவலில் சொன்னபடி வருகிறதா என்றும் அளந்து பாருங்கள். காய்ந்துபோன கெப்பாசிட்டர்கள் இருந்தால் அவற்றை மாற்றுவதுதான் முதல் வேலை. திறக்கும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் மீதி இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

தேவையான பொருட்கள்

அர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் 6என்138 ஆப்டோகப்ளர், எம்சிபி4822 என்ற 12 பிட் டிஏசி சிப் (எண்ணை வோல்டேஜாக மாற்றுவது), மிடி கேபிள் செருகும் 5 பின் டின் சாக்கெட், 1என்4148 டயோடு, 2என்3904 டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள். பிறகு பிரெட்போர்டு, மல்டிமீட்டர், டியூனர். எல்லாவற்றையும் முதலில் பிரெட்போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போர்டில் பற்றவைக்க வேண்டும்.

எம்சிபி4822ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்குள்ளேயே 2.048 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது. இரண்டு மடங்கு அமைப்பில் வைத்தால் 4096 படிகளும் 4.096 வோல்ட்டுக்குள் வந்துவிடும்; அதாவது ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட், சுருதியில் 1.2 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கணக்கும் எளிது, காதுக்கும் போதும். இதன் அண்ணன் முறையான எம்சிபி4922இல் ரெஃபரன்ஸ் வெளியிலிருந்து வர வேண்டும். பலர் அதை 5 வோல்ட் சப்ளையோடு இணைத்துவிடுவார்கள். அப்போது யுஎஸ்பி வோல்டேஜ் ஆடும்போதெல்லாம் சுருதியும் ஆடும்.

மிடி உள்ளீடு

மிடி என்பது நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் தொடர்பு. கேபிளில் ஓடுவது 5 மில்லிஆம்பியர் கரண்ட். அது ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடியை எரிய வைக்கிறது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மின் தொடர்பே இல்லாததால் கணினியின் இரைச்சல் சிந்தசைசருக்குள் வராது. நாற்பது ஆண்டு கடந்தும் இந்த வடிவமைப்பு நிலைத்திருப்பதற்கு இந்த ஒரு விஷயமே போதும்.

டின் சாக்கெட்டின் கால் எண்கள் வரிசையாக இருக்காது: 1, 4, 2, 5, 3 என்று போகும். நடுவில் இருப்பது 2, அதன் இருபக்கமும் 4உம் 5உம். நான்காம் காலிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 6என்138இன் இரண்டாம் காலுக்கு ஒரு கம்பி. ஐந்தாம் கால் நேராக 6என்138இன் மூன்றாம் காலுக்கு. இந்த இரண்டு, மூன்று கால்களுக்குக் குறுக்கே 1என்4148 டயோடைத் தலைகீழாகப் போடுங்கள். கோடு போட்ட முனை இரண்டாம் காலில் இருக்க வேண்டும். டின் சாக்கெட்டின் 2ஆம் காலை எதனோடும் இணைக்காதீர்கள். கிரவுண்ட்தானே என்று இணைத்தால், ஆப்டோகப்ளர் தரும் பாதுகாப்பு அத்தோடு போயிற்று.

மறுபக்கத்தில் எட்டாம் காலுக்கு 5 வோல்ட், ஐந்தாம் காலுக்குக் கிரவுண்ட். ஆறாம் கால்தான் வெளியீடு: அதை 470 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டு, நானோவின் ஆர்எக்ஸ் பின்னோடு இணையுங்கள். ஏழாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். இது இல்லாமலும் சில சமயம் வேலை செய்யும், ஆனால் 6என்138 கொஞ்சம் மந்தமான சிப். இந்த ரெசிஸ்டர்தான் அதை வேகமாக அணைய வைக்கிறது. நோட்டுகள் அவ்வப்போது தவறிப்போகின்றன என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

நானோவில் ஆர்எக்ஸ் பின்னும் யுஎஸ்பியும் ஒரே சீரியல் கம்பியைப் பகிர்கின்றன. எனவே புரோகிராம் ஏற்றும்போது ஆப்டோகப்ளர் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஒரு ஜம்பர் வைத்துவிட்டால் நிம்மதி.

சுருதிக்கான வோல்டேஜ்

டிஏசியின் இணைப்பு சுலபம். முதல் கால் 5 வோல்ட், ஏழாம் கால் கிரவுண்ட், இரண்டின் நடுவே சிப்புக்கு ஒட்டினாற்போல் 100 நானோஃபாரட். இரண்டாம் கால் நானோவின் டி10க்கு, மூன்றாம் கால் டி13க்கு, நான்காம் கால் டி11க்கு, ஐந்தாம் கால் கிரவுண்டுக்கு. எட்டாம் கால் ஏ சேனல், ஆறாம் கால் பி சேனல். 16 பிட் சொல்லாக அனுப்ப வேண்டும்: மதிப்போடு 4096ஐக் கூட்டினால் ஏ சேனலில் இரண்டு மடங்கு அமைப்பில் வரும், 36864ஐக் கூட்டினால் பி சேனலில்.

நோட்டிலிருந்து மதிப்புக்குப் போகும் கணக்கு இது: நோட்டு எண்ணிலிருந்து 36ஐக் கழித்து, 1000ஆல் பெருக்கி, 12ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்குங்கள். 36ஆம் நோட்டுக்கு 0, நடு சி ஆன 60ஆம் நோட்டுக்கு 2000, அதாவது 2 வோல்ட். 61க்கு 2083. முழு எண்ணாக்குவதில் வரும் பிழை அரைப் படிக்கு மேல் போகாது, அது 0.6 சென்ட். சிப் தானாகவே நேர்கோட்டிலிருந்து ஓரிரு படி விலகும். அதை அளவு திருத்தத்தில் பிடித்துவிடலாம். வரம்பு நாலு ஆக்டேவ். மினிமூக்கின் கீபோர்டு 44 கட்டைதான், ஆகவே இது போதும். கூடுதல் வேண்டுமென்றால் ஓபி07 போன்ற துல்லியமான ஆப்-ஆம்ப் (வோல்டேஜைப் பெருக்கும் சிப்) வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் படியின் அளவும் கூடவே பெருகும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளியீட்டில் பாதுகாப்புக்காக 1 கிலோஓம் ரெசிஸ்டர் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. சிந்தசைசரின் உள்ளீட்டு மின்தடை 100 கிலோஓம் என்றால், அந்த 1 கிலோஓமிலேயே ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஆக்டேவுக்கு 12 சென்ட், மூன்று ஆக்டேவ் தள்ளினால் 36 சென்ட், காதில் குத்தும். போடுங்கள், ஆனால் சிந்தசைசரை இணைத்த நிலையிலேயே அளவைத் திருத்துங்கள்.

எம்எஸ்-20க்குச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த முறையில் கீழ் ஆக்டேவுகளின் வோல்டேஜ் மிகச் சிறியது. 0.25 வோல்ட்டுக்கு அருகில் ஓர் அரைச்சுரத்தின் அகலம் வெறும் 15 மில்லிவோல்ட். அங்கே நம் 1 மில்லிவோல்ட் படி ஏறக்குறைய 7 சென்ட்டாகிவிடும். டிஎல்072 போன்ற சாதாரண ஆப்-ஆம்ப்பில் 3 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் 20 சென்ட் தள்ளிப்போகும். ஆகவே இந்த வகைக்கு 16 பிட் டிஏசியும் நல்ல ஆப்-ஆம்ப்பும் கட்டாயம். கணக்கும் கூட்டலாக இல்லாமல், ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 1.05946ஆல் பெருக்குவதாக மாறும். ஓர் அட்டவணையாகவே எழுதி வைத்துவிடுங்கள்.

கேட்

எஸ்-டிரிகர் மிக எளிது. நானோவின் ஒரு பின்னிலிருந்து 10 கிலோஓம் வழியாக 2என்3904இன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் எஸ்-டிரிகர் கம்பிக்கு. பின் உயர்ந்தால் டிரான்சிஸ்டர் கம்பியைக் கீழே இழுக்கும், ஒலி பிறக்கும்.

மேலே ஏறும் கேட்டுக்கு, நானோவின் 5 வோல்ட்டையே 1 கிலோஓம் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். எஸ்எச்-101 அதை ஏற்றுக்கொள்ளும். ஒடிசி 10 வோல்ட் எதிர்பார்க்கும். அதற்கு பிளஸ்-மைனஸ் 12 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப்பை ஒப்பீட்டுக் கருவியாக வையுங்கள்: ஒரு உள்ளீட்டில் கேட், மற்றதில் 2.5 வோல்ட். ஓய்வு நிலையில் அது மைனஸ் 12க்கு இறங்கும் என்பதால் வெளியீட்டில் ஒரு டயோடும், அதன் பின் கிரவுண்டுக்கு 10 கிலோஓமும் போட மறக்காதீர்கள்.

கேட் வகையை மாற்றிப் போட்டுவிட்டால் கண்டுபிடிப்பது எளிது: சும்மா இருக்கும்போது விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், வாசித்தால் நின்றுவிடும்.

புரோகிராமில் கவனிக்க வேண்டியவை

மிடிக்கான ஆயத்த நிரல் தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் இந்த அளவுக்கு நாமே எழுதிவிடலாம். வரும் பைட் 128க்குக் கீழே என்றால் தரவு. 128 அல்லது மேலே என்றால் கட்டளை. முதல் சேனலில் 144 என்றால் நோட்டு ஆன், 128 என்றால் நோட்டு ஆஃப், 176 என்றால் கன்ட்ரோலர் (குமிழ் போன்றவற்றின் நகர்வு), 224 என்றால் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைப்பது).

இதில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, கட்டையை அழுத்திய வேகம் 0 என்று வரும் நோட்டு ஆன் உண்மையில் நோட்டு ஆஃப். பல கீபோர்டுகள் இப்படித்தான் அனுப்புகின்றன; கவனிக்காவிட்டால் நோட்டு நிற்கவே நிற்காது. இரண்டு, ஒரே கட்டளை தொடர்ந்து வந்தால் அனுப்புபவர் கட்டளை பைட்டைத் திரும்பச் சொல்லாமல் தரவை மட்டும் அனுப்பலாம். எனவே கடைசிக் கட்டளையை நினைவில் வைத்திருங்கள். மூன்று, 248 முதல் 255 வரையான கடிகார வகை பைட்டுகள் எந்தச் செய்தியின் நடுவிலும் நுழையலாம். அவற்றைத் தனியாகக் கையாளுங்கள், நடந்துகொண்டிருக்கும் செய்தியைக் கலைக்காதீர்கள்.

அழுத்தியிருக்கும் நோட்டுகளை ஒரு பட்டியலில் வைத்து, கடைசியாக வந்ததை ஒலிக்க விடுங்கள். அதை விட்டதும் முந்தையது திரும்ப வர வேண்டும். இரு நோட்டுகளை விரைவாக மாற்றி மாற்றி டிரில் வாசிப்பவர்களுக்கு இது முக்கியம். மினிமூக் தன் சொந்தக் கீபோர்டில் எப்போதும் கீழ் நோட்டுக்கே முன்னுரிமை தரும். அந்தப் பழக்கத்தில் வாசிப்பவர் என்றால் அதையே விருப்பத் தேர்வாக வையுங்கள். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டால், மினிமூக் என்வலப்பை (ஒலி எழுந்து தேயும் வடிவத்தை) மறுபடி தொடக்காது; மாற்றியும் அப்போது கேட்டை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம்: முதலில் சிவி, அப்புறம் ஒரு மில்லிநொடி கழித்து கேட். நோட்டு ஆஃப் வந்ததும் கேட்டை மட்டும் இறக்குங்கள், சிவியைத் தொடாதீர்கள். தொட்டால் ஒலி தேயும் வாலில் சுருதி சரிந்து விழும்.

பி சேனல் சும்மாதானே இருக்கிறது, அதை ஃபில்டர் உள்ளீட்டுக்கு விடுங்கள். 74ஆம் கன்ட்ரோலரையோ நோட்டின் வேகத்தையோ அதில் அனுப்பலாம். கன்ட்ரோலருக்கு 128 படிதான் என்பதால் திருகும்போது படிப்படியாகக் கேட்கும். வெளியீட்டில் 10 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் வைத்தால் மழுங்கிவிடும். இதே வடிகட்டியைச் சுருதி சேனலில் போடாதீர்கள். ஒவ்வொரு நோட்டும் வழுக்கிக்கொண்டு வரும்.

அளவு திருத்தம்

இங்கே அவசரப்பட்டால் செய்த வேலையெல்லாம் வீண். சாதாரண மூன்றரை இலக்க மல்டிமீட்டரில் 20 வோல்ட் வரம்பு 10 மில்லிவோல்ட் வரைதான் காட்டும், அது 12 சென்ட். இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட் வரம்பில் 1 மில்லிவோல்ட் தெரியும். அதை வைத்து கீழ் ஆக்டேவைச் சரிபார்த்துவிட்டு, மீதியை டியூனரிடம் விடுங்கள்.

சிந்தசைசர் சூடேறியதும் ஒரே ஆசிலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். 36ஆம் நோட்டை அனுப்பி, கருவியின் டியூன் குமிழால் சுருதியைச் சேருங்கள். பிறகு 48, 60, 72. ஒவ்வொரு ஆக்டேவிலும் ஒரே அளவு விலகல் கூடிக்கொண்டே போனால் பெருக்கும் எண்ணை மாற்றுங்கள். 1000க்குப் பதில் 1007 என்று இருக்கலாம். ஆனால் மேல்கோடியில் டிஏசியின் 4095ஐத் தாண்டாமல் பாருங்கள். விலகல் ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஒரு திருத்த எண்ணை நானோவின் நிலையான நினைவகமான ஈஈபிராமில் சேமித்து, நடுவில் இருக்கும் நோட்டுகளுக்கு விகிதப்படி பகிருங்கள். சிந்தசைசருக்குள் இருக்கும் ஆக்டேவ் அளவுத் திருகைத் தொடாதீர்கள். அதைத் திருப்பினால் மிடி சரியாகும், சொந்தக் கீபோர்டு கெடும்.

மினிமூக்கில் வெளியிலிருந்து வரும் சிவி, கீபோர்டில் கடைசியாக அழுத்திய கட்டையின் வோல்டேஜோடு கூடும். ஆகவே திருத்தம் தொடங்கும் முன்பும், வாசிக்கும் முன்பும் மிகக் கீழ்க் கட்டையை ஒருமுறை தட்டிவிடுங்கள்.

உள்ளே பொருத்துவதென்றால்

சாக்கெட் இல்லாத கருவியில் சிவியையும் கேட்டையும் கீபோர்டு சுற்று முடிந்து ஆசிலேட்டருக்குப் போகும் இடத்தில் கொடுக்க வேண்டும். சுற்று வரைபடத்தில் அந்த இடத்தை உறுதி செய்த பிறகே வெட்டுங்கள். 15 வோல்ட் சப்ளையிலிருந்து 7805 வழியாக 5 வோல்ட் எடுத்தால், 50 மில்லிஆம்பியருக்கு அரை வாட் வெப்பம் வரும். அதை ஆசிலேட்டர் போர்டுக்கு அருகில் வைக்காதீர்கள், டியூனிங் நகரும். கிரவுண்ட் கம்பியை வழியில் கிடைத்த இடத்தில் ஒட்டாமல் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டருக்கே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் டிஜிட்டல் இரைச்சல் ஆடியோவில் சிணுங்கும். நானோவின் யுஎஸ்பி கேபிளை வாசிக்கும்போது செருகி வைத்திருந்தாலும் அதே சிணுங்கல் வரும்.

பெட்டியில் துளை போடாதீர்கள். காற்றுத் துளை வழியாக ஒரு சிறு கேபிளை வெளியே விட்டு, அதன் நுனியில் டின் சாக்கெட்டை வைத்தால் வேலை நடந்துவிடும். பார்க்க அழகில்லைதான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

பல குரல் கருவிகள்

ஜூனோ-60, பாலிசிக்ஸ், புராஃபெட்-5 போன்றவற்றில் கட்டைகளை ஒரு பிராசசர் வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்து, குரல்களைப் பங்கிடுகிறது. இங்கே ஒற்றை சிவி உதவாது. ஜூனோ-60இல் டிசிபி என்ற ரோலண்டின் சொந்த டிஜிட்டல் சாக்கெட் உண்டு. அதற்கான மாற்றிகள் கிடைக்கின்றன, ரோலண்டே எம்டி-8 என்று ஒன்றை விற்றது. மற்றவற்றில் பிராசசரையே மாற்றுவது, அல்லது கட்டைகளின் வரிசைக் கம்பிகளில் நுழைந்து அழுத்தியதுபோல் காட்டுவது என இரண்டு வழி. முதல் முறை செய்பவர்கள் இதை அடியிலிருந்து வடிவமைக்க வேண்டாம், அந்தந்த மாடலுக்கென்று வரும் கிட்டை வாங்குங்கள். பாலிசிக்ஸைத் திறந்தால் முதலில் கேஎல்எம்-367 போர்டில் இருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாருங்கள். அது கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடுவது ஊரறிந்த நோய். அந்தப் போர்டைச் சுத்தம் செய்யாமல் மிடி கிட்டைத் தொடுவதில் பயனில்லை.

கடிகாரம்

கடைசியாக, நோட்டுகளைத் தானாக வரிசையாக வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டரோ சீக்வென்சரோ உள்ள கருவிக்கு மட்டும். மிடி கடிகாரம் கால் நோட்டுக்கு 24 முறை 248 என்ற பைட்டை அனுப்பும். எஸ்எச்-101இன் கடிகார உள்ளீடு ஒரு துடிப்புக்கு ஒரு படி நகரும். எனவே ஆறு பைட்டுக்கு ஒருமுறை துடிப்பு அனுப்பினால் பதினாறாம் நோட்டுகளாக ஓடும், பன்னிரண்டுக்கு ஒருமுறை என்றால் எட்டாம் நோட்டுகள். 250 வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குங்கள், 252 வந்தால் நிறுத்துங்கள், 251 வந்தால் விட்ட எண்ணிக்கையிலிருந்து தொடருங்கள்.